நான்கு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே?

மாணவர்களே, ஒரு சோதனையுடன் தொடங்குவோம். சைக்கிளின் இரண்டு டயர்களையும் தண்ணீரில் நனையுங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், காய்ந்த சிமெண்டுத் தரையில், அதைத் தள்ளிக்கொண்டே ஒரு வளைவு திரும்புங்கள். தரையில் இரண்டு ஈரத் தடங்கள் தெரியும். முன்சக்கரத்தின் தடம் வெளிப்பக்கமும் பின்சக்கரத்தின் தடம் உள்பக்கமும் இருக்கும். அதாவது, முன்சக்கரம் அதிக தூரம் ஓடியிருக்கிறது.

சிராங்கூன் சாலையிலிருந்து பக்கத்துச் சாலைக்குள் திரும்பும் ஒவ்வொரு காருக்கும் இதுதான் நடக்கிறது. சாதாரண காருக்கு இதனால் தொல்லை இல்லை. அதன் இயந்திரம் முன்சக்கரங்களையோ பின்சக்கரங்களையோ மட்டும்தான் சுழற்றும். மற்ற இரண்டும் தம் போக்கில் உருளும்.

சுசுகி ஜிம்னி போன்ற வாகனத்தில் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஆற்றல் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்னும் பெட்டிக்குள் செல்கிறது. அதற்கு மூன்று நிலைகள் உண்டு. 2எச் நிலையில் பின் அச்சு மட்டும் இயங்கும். 4எச் நிலையில் முன் அச்சுக்குச் செல்லும் தண்டும் பின் அச்சுக்குச் செல்லும் தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில் சுழலும். 4எல் நிலையில் பூட்டுடன் கூடுதல் பற்சக்கரங்களும் சேரும். வேகம் ஏறக்குறைய பாதியாகும், முறுக்குவிசை இரு மடங்காகும். செங்குத்தான மேடு ஏற இது உதவும்.

இப்போது ஒரு கணக்கு. ஜிம்னியின் இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 2.25 மீட்டர். பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பைதகோரஸ் தேற்றத்தின்படி முன் அச்சின் ஆரம் சுமார் 5.48 மீட்டர். 90 பாகைத் திருப்பத்தில் பின் அச்சு 7.85 மீட்டரும் முன் அச்சு 8.61 மீட்டரும் ஓடவேண்டும். வித்தியாசம் 76 சென்டிமீட்டர்!

ஆனால், 4எச் பூட்டு இரண்டும் ஒரே தூரம் உருளவேண்டும் என்கிறது. சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்குவதால் அந்த 76 சென்டிமீட்டர் சரியாகிவிடும். வறண்ட தார்ச்சாலையில் டயர் எளிதில் வழுக்காது. அதனால் வித்தியாசம் முழுவதும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காக ஏறும். ஸ்டியரிங் கனக்கும், டயர்கள் துள்ளித் தேயும். 2எச் நிலைக்கு மாற்றுவதே கடினமாகலாம். முறுக்கு அளவு மீறினால் உறுப்புகள் உடையும். வறண்ட சாலையில் 4எச் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இதற்குத் தீர்வும் உண்டு. 1970ல் வந்த ரேஞ்ச் ரோவரின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் 'டிஃபரென்ஷியல்' ஒன்று இருந்தது. சேற்றில் சிக்கினால் மட்டும் அதைப் பூட்டிக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் ராணுவத்திலும் லேண்ட் ரோவர்கள் பல ஆண்டுகள் ஓடின. தேசிய சேவையில் அவற்றை ஓட்டிய அப்பாவோ மாமாவோ இருந்தால், சேற்றிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியதும் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை: அதே கணக்கை 10 மீட்டர் ஆரத்துக்குப் போட்டுப் பாருங்கள். அகலமான சாலைச் சந்திப்பைவிடப் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் குறுகிய வளைவு 4எச் வண்டியை ஏன் அதிகம் வாட்டுகிறது என்பது புரியும்.