பூசாத சுவர்

மொட்டை மாடியில் நாலு சோலார் பலகை, வாசலில் புல்தரை. இவை இருந்தால் பசுமை வீடு ஆகிவிடும் என்ற நினைப்போடுதான் பலரும் என்னிடம் வருகிறார்கள். நாகர்கோவிலைச் சுற்றி வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். சோலாரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடிபோன பிறகு மிச்சம் பிடிப்பதைப் பேசுமுன், கட்டும்போதே எவ்வளவு கொட்டித் தீர்க்கிறோம் என்று ஒரு தடவை கணக்குப் பார்த்துவிடலாம் என்பேன்.

சிமெண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் 1,450 டிகிரிக்குச் சுட்டால்தான் அது கிடைக்கும். எரிகிற நிலக்கரியிலிருந்து கரியமில வாயு வருவது தெரிந்ததுதான். கல் வெந்து உடையும்போது கல்லுக்குள்ளிருந்தே அதைவிட அதிகமான வாயு கிளம்புவது பலருக்குத் தெரியாது. சூளையை எவ்வளவு சுத்தமான எரிபொருளில் எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. உலகம் முழுக்க மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டால் வருகிறது. செங்கல்லும் நெருப்பில் வெந்து வருவதுதான். ஆகவே நான் முதலில் பார்ப்பது, எதைப் போடாமல் விடலாம் என்பதைத்தான்.

அதைப் படிக்க எங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பஸ் ஏறினால் திருவனந்தபுரம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, சுற்றிச் சுற்றி மேலே ஏறும் அந்தச் சிவப்பு இந்தியன் காபி ஹவுஸில் பீட்ரூட் போட்ட மசால் தோசை தின்னாத நாகர்கோவில்காரர் குறைவு. அதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, கேரளத்தையே ஊராக்கிக்கொண்டு, 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானவர். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார். அந்த நகரிலேயே உள்ளூர் என்ற பகுதியில் 1970களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். பூச்சு கிடையாது, பெயிண்ட் கிடையாது. செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய ஜாலி வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அவர் இங்கே பரப்பியதுதான் எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகக் கல்லைப் படுக்கப் போட்டு ஒன்பது இஞ்ச் சுவர் எழுப்புவோம். இதில் கல்லைக் குத்துவாக்கில் நிறுத்த வேண்டும். மூன்று இஞ்ச் கனமுள்ள இரண்டு கற்கள் முகத்துக்கு ஒன்றாக நிற்கும், நடுவில் மூன்று இஞ்ச் வெற்றிடம். அடுத்து ஒரு கல் குறுக்கே நின்று இரண்டையும் கட்டிப் பிடிக்கும். சுவரின் கனம் அதே ஒன்பது இஞ்ச்தான். கல்லில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது.

சாந்து அந்தக் குழிக்குள் விழாமல் பார்ப்பதில்தான் கொத்தனாரின் கை தெரியும். என்னோடு வேலை செய்கிற அண்ணாச்சி ஒருவர் மூன்று இஞ்ச் அகலத்தில் ரீப்பர் கட்டை ஒன்று வைத்திருக்கிறார். வெற்றிடத்தின் மேல் கட்டையை மூடி, இரண்டு பக்கமும் சாந்தை இழுத்துவிட்டு, கட்டையை அப்படியே முன்னால் நகர்த்துவார். கல் அளவு பிசகினால் திட்டிக்கொண்டே ஒதுக்கிப் போடுவார். பூசுகிற சுவரில் கோணலைப் பூச்சு மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. அதனால் இதில் கூலி குறையாது, சில இடங்களில் கூடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கம்பெனிக்குப் போகிற பணத்தில் கொஞ்சம் கொத்தனார் வீட்டுக்குப் போனால் என்ன குறைந்துவிடும்? பேக்கரும் பொருளுக்குக் கொடுப்பதைவிடக் கைவேலைக்குக் கொடுப்பதையே விரும்பியவர்.

வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "இடையில ஓட்டையா விட்டா பாம்பு குடியேறாதா?" என்பது முதல் கேள்வி. அடி வரிசை, ஜன்னல் மட்டம், லிண்டல் மட்டம், மேல் வரிசை எல்லாம் கெட்டியாகக் கட்டி மூடிவிடுவோம் என்று காட்டினால் அது அடங்கிவிடும். அடுத்தது அடங்காது. "பூசாம விட்டா, பைசா தீந்து போச்சான்னு கேப்பாவளே தம்பி!" என்றார் ஒரு பெரியவர். அவர் வீட்டில் கடைசியில் தெருவைப் பார்த்த ஒரு சுவரை மட்டும் பூசினோம். மானத்துக்கு ஒரு சுவர் போகட்டும்.

எல்லா இடத்துக்கும் இதுதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கும் அடிக்கும், வடகிழக்கும் அடிக்கும். சாரல் நேராக மோதுகிற சுவரைப் பூசாமல் விட்டால் கல் தண்ணீர் குடிக்கும். இரண்டடிக்கு இறவாணம் நீட்ட முடிந்தால் விடலாம். முடியாவிட்டால் பேசாமல் பூசிவிடுவேன். கல் மோசமென்றால் இந்தக் கட்டே வேண்டாம். விளிம்பு உடைந்த நாட்டுக்கல்லை வைத்துக்கொண்டு இதில் இறங்குவது வீண்.

மேல்தளத்துக்கும் இதே புத்திதான். கான்கிரீட் பலகையில் மேல்பாதி அழுத்தத்தைத் தாங்கும். கீழ்ப்பாதியில் இழுவிசை, அதைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கிற கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம்தான். அந்த இடத்தில், கம்பிக் கட்டங்களுக்கு நடுவே, இரண்டு மங்களூர் ஓட்டைச் சேர்த்து வைத்து மேலே கான்கிரீட் போட்டால் பாரமும் குறையும், சிமெண்டும் குறையும். இடித்த ஓட்டு வீடுகளின் பழைய ஓடு எங்கள் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும். முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லையென்றால் கான்கிரீட்டின் ஈரத்தை ஓடு உறிஞ்சிவிடும். கம்பிக் கணக்கை மட்டும் மேஸ்திரி வாய்க்கணக்கில் விடாதீர்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போட்டு வாங்குங்கள்.

கட்டப் போகிறவர்கள் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் சுவர் எழும்புமுன் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஏ.சி. எங்கே, சுவிட்ச் பெட்டி எங்கே என்று அன்றைக்கே சாக்பீஸால் குறித்துவிட்டால் குழாய் அந்த வெற்றிடத்துக்குள்ளேயே போய்விடும். பிறகு கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எலிப்பொறிச் சுவரைக் கிழிப்பவர்களோடு நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.