காட்டழகரைச் சேவிக்க வழிக்கணக்கு

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலைவழி ஏறத்தாழ 460 கிலோமீட்டர். எட்டு மணி நேரம். விமானத்திலோ ஒன்றேகால் மணி நேரம். காத்திருப்பையும், மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ள 75 கிலோமீட்டரையும் கூட்டினால், விமான வழிக்கு ஐந்தாறு மணி, சாலைவழிக்குப் பத்து மணி ஆகும்.

ஆண்டாளைச் சேவித்தபின், மேற்கே செண்பகத்தோப்பு. அங்கிருந்து காட்டழகர் சந்நிதிக்குக் காட்டுவழியே நடந்துதான் செல்லவேண்டும். இவ்வனம் 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. வனத்துறை அனுமதி பெற்று, காலையில் ஏறி, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும்.

ஆகவே, பிற்பகல் விமானத்தில் வந்து அன்றே மலையேற எண்ணற்க. முதல் நாளே வந்து தங்குங்கள். பெற்றோரை அழைத்து வருவோர், விமானத்தால் மிஞ்சிய நான்கு மணி நேரத்தை அவர்களுடைய மெல்லிய நடைக்கு அளியுங்கள். அவர்கள் இளைப்பாறி நடந்து, மனங்குளிரப் பெருமாளைச் சேவிக்கட்டும்.