வகுப்பறையிற் சித்திரக் கதை

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் கல்யாண மகாலையும் கண்டு வியப்பர். தேசிங்கு மன்னன் கதை கேட்டு உருகுவர். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுடன் பொருது இளவயதில் மாண்ட அவ்வரசனையும், அவனுடைய முஸ்லிம் தோழனையும், நீலவேணி என்னும் பரியையும் நாட்டுப் பாடல் மறவாது பாடுகின்றது. ஆயின் கோட்டையிலுள்ள செட்டிக்குளக் கரையில் நீர் முகக்க நின்றோர் யாவர்? நிற்கவொட்டாது விலக்கப்பட்டோரும் உளரோ? கதை கேட்போர் இவற்றை வினவுவதில்லை. அக்காட்சியை வரையப் புகும் ஓவியனோ, கரையில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்தேயாக வேண்டும். சொல் கடந்து செல்லும் இடத்தைச் சித்திரம் எளிதிற் கடந்து செல்ல இயலாது. இதுபற்றியே சித்திரக் கதைகள் வகுப்பறைக்கு வேண்டும் என்கின்றோம்.

சித்திரமும் சொல்லும் ஒருங்கியைந்து நாவலளவில் அமைந்த நூல்களை இக்காலத்தார் கிராபிக் நாவல் என வழங்குவர். ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையே நிகழ்ந்ததைப் படிப்போனே உய்த்துணர வேண்டும். ஆதலின் இவை சோம்பேறிகளுக்குரிய நூல்கள் என்பது பொருந்தாது. இம்முறை நமக்குப் புதியதுமன்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பெற்று, தமிழ்க் குறிப்புகளுடன் விளங்குகின்றது. மேனாட்டிலும் மொராவிய சபைப் பேராயர் கொமேனியஸ் 1658-இலேயே சிறுவர்க்குப் படப் பாடநூல் இயற்றினார்.

சிவகாசியிலிருந்து 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி முதலிய கதைகளால் பல்லாயிரவர்க்குப் படிக்கும் வேட்கையை ஊட்டியது. எனினும் அக்கதைகளில் வந்த தெருக்கள் பெரும்பாலும் அயல்நாட்டுத் தெருக்களே. நம் குடிசையும் குளக்கரையும் அவற்றில் இடம் பெற்றில.

அக்குறையை நீக்கிய நூல்களுள் 2011-இல் வெளிவந்த 'பீமாயணம்' தலையாயது. அம்பேத்கரின் வாழ்வில் நேர்ந்த தீண்டாமைக் கொடுமைகளைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு ஓவியர் இருவர் அதில் வரைந்துள்ளனர். அவர்கள் மாந்தரைக் கட்டங்களுள் அடைக்கவில்லை. இன்சொல் பறவை வடிவினுள் அமைந்துள்ளது. வன்சொல்லுக்கோ தேளின் கொடுக்கு வாலாய் நிற்கின்றது. எழுத்தறியாச் சிறுவனும் எச்சொல் சுடுமென்பதை நொடியில் உணர்வான். 1927-இல் மகாடு நகர்க் குளத்து நீரைப் பருகும் உரிமைக்காக அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றார். 1934-இல் தௌலதாபாத் கோட்டையைக் காணச் சென்றபோது, வாயிலருகேயிருந்த குளத்தில் முகங்கழுவியதற்காக அவரும் உடன்சென்றோரும் வைது இழிவுபடுத்தப்பட்டனர். இதனை அறிந்த மாணவன் செட்டிக்குளத்தை முன்போல் நோக்குவானோ?

பிற நாட்டார் துயரும் நமக்கு அயலதன்று. யூதர் பட்ட கொடுமையை எலிகளின் உருவில் வரைந்த ஸ்பீகல்மனின் 'மௌஸ்' 1992-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஈரானியச் சிறுமியொருத்தியின் கண்வழியே புரட்சியைக் காட்டும் சத்ராபியின் 'பெர்செபோலிஸ்' நூலும் பயிலத்தக்கது.

நிற்க, சித்திரம் தீங்கும் செய்யவல்லது. அரசரையெல்லாம் வெண்ணிறமாகவும் அரக்கரையெல்லாம் கருநிறமாகவும் தீட்டும் ஏடுகள், கருநிறச் சிறுவர் உள்ளத்தில் இழிவையே விதைக்கும். ஆதலின் ஆசிரியர் ஆய்ந்து தேர்தல் வேண்டும். தேர்ந்தபின், சொற்களை மறைத்துப் படத்தை மட்டும் காட்டி, உரையாடலை மாணவரே எழுதுமாறு செய்யலாம். படத்தில் இடம்பெறாதார் யாவர் எனவும் வினவலாம். செஞ்சிக்கு அழைத்துச் சென்று, கோயிலும் பள்ளிவாசலும் ஒரே மதிலுள் நிற்கும் அக்கோட்டையை, வாள் ஏந்தினோன், கல் சுமந்தோன், நீர் சுமந்தாள் ஆகியோர் கண்களால் வரையச் செய்யலாம்.

சமாரியப் பெண்ணிடம் பருக நீர் கேட்ட ஆண்டவரைப் போற்றும் நமக்கு, குளக்கரையில் நின்றோரை மறத்தல் தகாது. அவர்க்கு ஏட்டில் ஓரிடம் அளிப்போமாக.