முறுக்குக்கும் ஓர் அளவு உண்டு

தலைப்பைக் கண்டு, இது தீபாவளிப் பலகாரத்தைப் பற்றிய கட்டுரை என்று எண்ணி அடுக்களையிலிருந்து ஓடி வந்த சகோதரிகள் மன்னிக்க வேண்டும். நான் சொல்லப் போவது மோட்டார் வண்டிச் சக்கரத்தின் நட்டுகளைப் பற்றி. ஆனாலும் போய்விட வேண்டாம். அந்த வண்டியில் குழந்தைகளோடு பிரயாணம் செய்கிறவர்கள் நீங்களும்தான் அல்லவா?

சென்ற தை மாதம், தியாகராஜ ஆராதனைக்காகக் குடும்பத்தோடு தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் புறப்பட்டேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கும் வழி அது. வெண்ணாற்றைத் தாண்டியதும் ஒரு டயரில் காற்று இறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரத்தை நானே மாட்டினேன். ஸ்பானரின் மேல் காலை வைத்து, ஒவ்வொரு நட்டாக வரிசைப்படி மிதித்து முறுக்கினேன். என் வீரத்தைக் கண்டு மனைவிகூட வியந்தாள்.

குடமுருட்டிப் பாலத்தை நெருங்கும்போது சக்கரம் தடதடவென்று ஆடத் தொடங்கிற்று. நிறுத்திப் பார்த்தேன். ஒரு போல்ட்டு ஒடிந்திருந்தது. இரண்டு நட்டுகளைக் கையாலேயே திருக முடிந்தது. இன்னும் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் பாலத்தின் மேல் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே உடல் நடுங்கிற்று.

அருகில் டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் வந்து, "எவ்வளவு முறுக்கினீங்க, ஸார்?" என்றார்.

"பலமாகத்தான்."

"யார் பலம், ஸார்?"

விடைத்தாளில் மார்க் போடாமல் 'நன்று' என்று மட்டும் எழுதிய உபாத்தியாயரைப் போல விழித்தேன்.

நட்டை முறுக்கும்போது, பிருடை இழுக்கும் வீணைத் தந்தியைப் போலவே போல்ட்டும் மயிரிழையளவு நீளுகிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுப்புத்தான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. இழுப்புக் குறைந்தால் நட்டுத் தளரும். மிகுந்தால் போல்ட்டு ஒடியும். ஒரு நட்டை மட்டும் முதலிலேயே முழுதும் இறுக்கினால் சக்கரம் ஒருக்களித்து உட்கார்ந்து, ஓடும்போது மற்றவை தளர்ந்துவிடும். ஒரே சக்கரத்தில் நான் எல்லாப் பிழைகளையும் செய்திருந்தேன்!

முறுக்கை அளந்து காட்டும் கருவிதான் டார்க் ரெஞ்சு. 1918-ல் நியூயார்க் நகரக் குடிநீர் இலாகாவைச் சேர்ந்த கான்ராட் பார் என்பவர், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகள் அளவு மீறி இறுக்கப்படுவதைத் தடுக்க இத்தகைய கருவியை உருவாக்கினார். முறுக்கு விசை என்பது பலத்தையும் பிடியின் நீளத்தையும் பெருக்கி வருவது. கிடையாக நீட்டிய ஒரு மீட்டர்க் கம்பியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 98 நியூட்டன் மீட்டர். சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்குப் பெரும்பாலும் இதையொட்டிய அளவே வேண்டும். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள நான் 35 செண்டி மீட்டர் ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றாலோ, 240!

முறை எளிது. நட்டுகளைக் கையால் மாட்டி, சாதாரண ஸ்பானரால் இலேசாக இறுக்குங்கள். ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றியபின், ரெஞ்சின் பிடியில் உரிய எண்ணை வையுங்கள். ஒன்றை இறுக்கியதும் அடுத்தது அதன் எதிர்ப்புறத்து நட்டு என்ற வரிசையில் சீராக இழுங்கள். 'க்ளிக்' என்ற ஓசை கேட்டதும் நிறுத்துங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மறுபடி இழுக்காதீர்கள். மரையில் எண்ணெய் பூச வேண்டாம்; உராய்வு குறைந்து, அதே எண்ணிலேயே போல்ட்டு மிகுதியாக நீண்டுவிடும். நட்டைக் கழற்ற இந்த ரெஞ்சை உபயோகிக்கலாகாது. வேலை முடிந்ததும் அதன் எண்ணை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். 100 கிலோ மீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சோதியுங்கள்.

மாற்றுப் போல்ட்டு வாங்கி வந்து வேலை முடிவதற்குள் பிற்பகலாகிவிட்டது. பஞ்சரத்தின கீர்த்தனைகளைக் கேட்கும் பாக்கியம் கிட்டவில்லை. கடைசி நட்டு 'க்ளிக்' என்றதும், வண்டியருகே நின்றிருந்த என் தாயார் மட்டும் கேட்டார்:

"என்னடா, சுருதி சேர்ந்துவிட்டதா?"