வட்டின் பாகப்பிரிவினை: பழைய லேப்டாப்பைப் பழுது பார்க்கும் முன்

ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, சி, டி என்று எழுத்திட்டு வைப்பதே பார்ட்டிஷன். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு, வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையில் இருக்கிறது. அதை ஊரின் நிலப் பதிவேட்டுக்கு ஒப்பிடலாம். பதிவேட்டில் ஒரு வரி அடிபட்டாலும் நிலம் அங்கேயே கிடக்கும். அதன்மேல் வேறொருவர் வீடு கட்டிவிட்டால்தான் சிக்கல். டி டிரைவ் திடீரென்று காணாமல் போனாலும் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. அடுத்து அவசரத்தில் செய்யப்படும் வேலைதான் அவற்றை அழிக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை மாற்றி, இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது பெங்களூரு பிரேசர் டவுன் போன்ற பகுதிகளில் வழக்கமான சிக்கனம். உதிரிபாகங்களுக்கு எஸ்.பி. ரோடு சந்தை தொலைவில் இல்லை. பார்ட்டிஷன் தகராறுகள் பெரும்பாலும் இந்த மாற்றத்தின்போதுதான் தலைதூக்குகின்றன.

அட்டவணையின் கோளாறுகள்

எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்குத்தான் இடம் உண்டு. சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் அது எட்டாது. பல பழைய லேப்டாப்கள் வாங்கும்போதே அந்த நான்கும் நிரம்பியே வந்தன. ஐந்தாவதை உருவாக்க முயன்றால், வட்டை டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று விண்டோஸ் கேட்கும். சம்மதித்தால் பிறகு வேறு இயங்குதளம் நிறுவுவது பெரும்பாடு.

‘இந்த வட்டில் விண்டோஸை நிறுவ முடியாது’ என்று செய்தி வந்தால், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் எழுந்த கணினி, எம்பிஆருக்குப் பதில் ஜிபிடி என்ற புதிய அட்டவணையை எதிர்பார்க்கிறது என்று பொருள் இருக்கலாம். விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், கோப்புகளை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவி உடன் வருகிறது. ஆனால் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, டி டிரைவ் லாஜிக்கல் வகையாக இருந்தாலோ அது வேலை செய்யாது.

சி டிரைவைப் பெரிதாக்கும் கட்டளை மங்கிக் கிடந்தால், காலி இடம் சி-க்கு அடுத்து ஒட்டியபடி இல்லை என்று அர்த்தம். இடையில் பெரும்பாலும் ரெகவரி பார்ட்டிஷன் நிற்கும். சுருக்கும்போது பாதியிலேயே நின்றால், நகர்த்த முடியாத கோப்புகள் காரணமாக இருக்கலாம். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம்.

டிரைவின் கோப்பமைப்பை அடையாளம் காண முடியாமல் ‘ரா’ என்று காட்டி, ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால், ‘வேண்டாம்’ என்பதே விடை. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, மீட்ட கோப்புகளை இன்னொரு வட்டில் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் இந்த வாய்ப்பு குறைவு. டிரிம் என்ற வசதி, நீக்கிய இடத்தை விரைவில் துடைத்துவிடும்.

வட்டே நோயுற்றால்

டிக் டிக் ஒலி, அடிக்கடி உறைதல், வட்டு தன் நிலையைப் பதியும் ஸ்மார்ட் அறிக்கையில் ஏறிக்கொண்டே போகும் பழுது செக்டர்கள் ஆகியவை வட்டின் உடல்நலக் குறைவைக் காட்டும். ஒலி கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அத்தகைய வட்டில் பிழைதிருத்தும் சோதனையை ஓட்டினால் நிலை மோசமாகலாம். முதலில் முழு வட்டையும் இன்னொன்றுக்குப் படியெடுத்து, மீட்பு வேலையை அந்தப் படியில் செய்வதே முறை. விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கப் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்பே எழுதி வைக்க வேண்டும்; அது தொலைந்தால் எந்தக் கடையாலும் திறக்க இயலாது.

கடையில் ஒப்படைக்கும்போது

2008-இல் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் வெளியாயின. பழுதுக்குக் கொடுத்த அவரது லேப்டாப்பிலிருந்து அவற்றைப் பிரதியெடுத்த தொழிலாளர் மறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கடவுச்சொல்லோடு லேப்டாப்பைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். முடிந்தால் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளிலிருந்து வெளியேறியபின் ஒப்படைக்கலாம்.

கடை தரும் ஜாப் ஷீட்டில் வட்டின் கொள்ளளவு, வரிசை எண், என்ன வேலை, தரவை அழிக்க அனுமதி உண்டா இல்லையா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வட்டை மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் தரும் பிடிமானம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, இழப்பு ஏற்படுத்தும் அலட்சியமும் சேவைக் குறைபாடே. ‘தரவுக்குப் பொறுப்பல்ல’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பது மட்டுமே அலட்சியத்துக்குக் கேடயம் ஆகிவிடாது. ரசீது தர மறுப்பதும், நம்பிக்கையின்பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்குத் தருவதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். அனுமதியின்றித் தரவைப் பிரதியெடுப்பதோ அழிப்பதோ தீய நோக்குடன் நடந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தீர்வின் முதல் படி, கடைக்கு எழுத்தில் புகார். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், வட்டை விற்ற இணையக் கடை டெல்லியில் இருந்தாலும் பிரேசர் டவுன்காரர் பெங்களூரிலேயே மனு கொடுக்க முடியும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை; வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். தரவுத் திருட்டுக்குக் காவல் நிலையத்தில் புகார் தரலாம். பணமும் பறிபோயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். 2022 டிசம்பர் 24-இல் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில், நிறுவனங்களின் சேவை, உதிரிபாக விவரங்களைத் தேடலாம்.

வட்டை விற்கும் முன்னும், 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கும் முன்னும், குவிக் ஃபார்மட் மட்டும் போதாது. அது கோப்புகளின் பதிவேட்டைத்தான் புதிதாக்குகிறது; தரவு அங்கேயே கிடக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதையும் மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.