பெருவிரல் வீக்கமும் செங்காந்தளும்

ராத்திரி நல்லா இருந்த கால், விடியும்முன் பெருவிரல் மூட்டில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி ஊசியாய்ப் படிகம் மூட்டில் தங்குவதால் வரும் வலி. எனக்கும் உண்டு.

வந்தால் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம்தான். எண்ணெய் போட்டுத் தேய்க்க யாரையும் விடுவதில்லை. தண்ணீர் தாராளமாக. ஈரல், மத்தி, நெத்திலி, பீர் கிடையாது. கீரையை நிறுத்தவில்லை. முடக்கத்தான் தோசை வாரம் இரண்டு நாள். ருசிக்குத்தான், அது அமிலத்தைக் கரைக்கும் என்று சொல்லமாட்டேன்.

டாக்டர் எழுதும் கோல்ச்சிசின் மாத்திரையின் சத்து, மூலனூர் பக்கம் நம்மாட்கள் விதைக்காகப் பயிரிடும் செங்காந்தளில் இருக்கு. அதுக்காகக் கிழங்கை அரைச்சுக் குடிச்சிடாதீங்க, ஆளையே கொன்றுவிடும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.