ஈருயிர்க் காவல்

மேற்குத் தொடர்ச்சி மலை அரண்போல் சூழ்ந்து நிற்க, முல்லைப் பெரியாறும் சுருளியாறும் ஊட்டி வளர்க்கும் செழுநிலம் கம்பம் பள்ளத்தாக்கு. 1895 ஆம் ஆண்டில் பெரியாற்று அணை எழுந்தபின் இந்நிலத்தின் வயல்கள் மேலும் வளம் பெற்றன. இங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளத்திற்குப் பின்னே பெண்களின் உழைப்பு மிகுதி. விடியுமுன் எழுந்து, உணவைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு, கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரள மலைகளிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிச் செல்லும் பெண்கள் பலர்.

இப்பெண்கள் மகப்பேற்றுக்காக நாடும் மருத்துவமனைகள் பள்ளத்தாக்கு நெடுகிலும் உள்ளன. ஊர்ப்புறங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களும், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன. பெரிய இடர் நேருமாயின், தேனிக்குக் கிழக்கே மதுரைச் சாலையில் க.விலக்கு என்னுமிடத்தில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வர். கம்பத்திலிருந்து தேனிக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், க.விலக்கு அதற்கும் அப்பால் உள்ளது. நள்ளிரவில் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடும்போது இத்தொலைவு சிறிதன்று. ஆகவே, இடர் முற்றியபின் ஓடுவதைவிட அது முளைக்கும்போதே அறிவது மேலாகும். அவ்வாறு அறிவதே மகப்பேற்றுப் பின்கவனிப்புக் கூடத்தில் இரவுப் பணி பார்க்கும் செவிலியரின் தொழில்.

‘செவிலி’ என்பது பழந்தமிழ்ச் சொல். அகப்பொருள் இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாய்க்கு அப்பெயர். பெற்றவள் நற்றாய், வளர்த்துக் காத்தவள் செவிலித்தாய். மருத்துவமனைப் பணியாளர்க்கு அப்பெயரைச் சூட்டியவர் சொல்லின் அருமை அறிந்தவரே ஆவர். ஊர் மக்களோ ‘நர்சம்மா’ என்றே அழைப்பர். அயற்சொல்லில் தொடங்கினும் அதுவும் அம்மாவில் முடிதல் காண்க.

குழந்தை பிறந்து, ‘தாயும் சேயும் நலம்’ என்னும் செய்தி வெளியே வந்தவுடன் சுற்றத்தார் கவலை நீங்கி உறங்கச் செல்வர். செவிலியரின் விழிப்பு அப்போதுதான் கூர்மை பெறுகின்றது. மகப்பேற்றுக்குப் பின் நேரும் தாய் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நிகழக்கூடும் என்பதை அவர் அறிவார். அவ்விறப்புகளுக்கு முதன்மையான காரணம் குருதிப்பெருக்கு.

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்பு’ என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. மருத்துவ நூலும் இதனினும் பொருத்தமாகச் சொல்லிவிட இயலாது. நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் கருப்பையின் உட்சுவரில் பச்சைப் புண்ணாகவே இருக்கின்றது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலான குருதி பாயும். கொடி பிரிந்தவுடன் அக்குழாய்களின் வாய்களை அடைப்பது எது? கருப்பையின் தசைநார்களே. பின்னிய வலைபோல் அமைந்த அத்தசைகள் சுருங்கி, தம்மிடையே செல்லும் குழாய்களை இறுக்கிப் பிடிக்கின்றன. அவை தளர்ந்தால் குருதி தடையின்றிப் பெருகும்.

ஆகவே செவிலியர், முதல் இரண்டு மணி நேரத்தில் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை தாயின் கொப்பூழை ஒட்டிக் கைவைத்துப் பார்ப்பார். கருப்பை உருண்டு கெட்டியாக இருப்பின் நன்று. மாவுபோல் குழைந்திருப்பின் உடனே தேய்த்துவிட்டு, மருத்துவரை அழைத்து, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ‘ஆக்சிடோசின்’ மருந்துக்கு ஏற்பாடு செய்வார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை சுருங்க இடமின்றித் தளரும். ‘எழுந்து சிறுநீர் கழித்து வா’ என்று நள்ளிரவில் செவிலியர் எழுப்புவது தொல்லை போலத் தோன்றும். அந்தத் தொல்லையில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

பகலைவிட இரவில் இவ்விடர் மறைந்து வரும். மங்கிய விளக்கு, மார்கழிக் குளிருக்கோ மலைச் சாரலுக்கோ கழுத்துவரை போர்த்திய போர்வை, களைத்து உறங்கும் தாய். குருதி போர்வைக்கடியில் ஓசையின்றிப் பாயும். ‘உறங்குபவளை எழுப்பலாகாது’ என்னும் இரக்கம் இவ்விடத்தில் பகையாக முடியும். அனுபவமுள்ள செவிலியர் போர்வையை விலக்கிப் பார்த்த பின்னரே அடுத்த கட்டிலுக்குச் செல்வார். நாடியின் வேகம் கூடுகின்றதா, தாய் நாவறட்சி என்கிறாளா, காரணமின்றிப் புரள்கிறாளா என்பனவற்றையும் குறித்துக்கொள்வார். குருதி அழுத்தம் வீழ்வதற்கு முன்னரே நாடி விரைவது வழக்கம். அந்த முன்னறிவிப்பைத் தவறவிடுதல் கூடாது.

கண்ணளவை மட்டும் நம்புவதும் தகாது. கர்நாடக மாநிலம் பெளகாவியில் நடந்து 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அளவுக்கோடிட்ட பையில் குருதியைப் பிடித்து அளந்தபோது, கண்ணால் மதிப்பிட்ட அளவு உண்மையினும் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது தெரியவந்தது. பின்னர், கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் இத்தகைய பையைக் கொண்டு அளந்து, உடனுக்குடன் மருத்துவம் செய்து பார்த்தனர். கடுமையான குருதிப்பெருக்கும் அதனால் நேரும் கேடுகளும் பாதிக்கு மேல் குறைந்தன என்று 2023 இல் அறிவித்தனர். தமிழகத்தில் ஓர் இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கையில் இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கை 2004–06 இல் 111 ஆக இருந்து, 2018–20 இல் 54 ஆகக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் பல. இரவில் போர்வையை விலக்கிப் பார்த்த கைகளும் அவற்றுள் ஒன்று.

இனிச் சேயைக் காண்போம். தாயின் வயிற்றில் வெதுவெதுப்பாக இருந்த குழந்தை, ஈர உடம்போடு வெளியே வந்ததும் விரைவாக வெப்பத்தை இழக்கின்றது. செவிலியர் தம் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொடுவார். இரண்டும் வெதுவெதுப்பாயின் குறையில்லை. வயிறு வெதுவெதுப்பாகவும் கால் குளிர்ந்தும் இருப்பின் குழந்தை குளிரோடு போராடுகின்றது என்பது பொருள். இரண்டும் குளிர்ந்துவிட்டால் காலம் தாழ்த்தலாகாது. தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துப் போர்த்திவிடுதலே எளிதும் சிறந்ததுமான முறை. எடை குறைந்த குழந்தைகளுக்கு இதனையே நாள்முழுவதும் செய்யும் ‘கங்காரு முறை’, தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டுப் போகோட்டா நகரில் 1978 இல் தோன்றியது. அங்கே வெப்பப் பெட்டிகள் போதாமையே அதற்குக் காரணம். வறுமையிலும் நல்லறிவு பிறக்கக்கூடும்.

முதல் இரவின் பெரும்போர் பாலைப் பற்றியது. தென்மாவட்டங்களில் ‘சேனை வைத்தல்’ என்றொரு பழக்கம் உண்டு. குடும்பத்தில் நற்குணமும் நல்வாழ்வும் உடையவர் ஒருவர், குழந்தையின் நாவில் சீனித்தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பர். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அன்பில் பிறந்த வழக்கமே எனினும், அதனால் நோய்க்கிருமி குழந்தையின் வயிற்றை அடையவும், குழந்தை பாலுண்ணும் வேட்கை தணியவும் கூடும். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை வீறிடும். தாயின் தாய் எழுந்து வருவாள்.

“நர்சம்மா, பிள்ளை பசியில் துடிக்கிறதே! இவளுக்கோ பால் ஊறவில்லை. ஒரு சொட்டுச் சீனித்தண்ணீர் வைத்தால் என்ன?”

“பாட்டி, பிள்ளையின் வயிறு நெல்லிக்காய் அளவுதான். இந்த மஞ்சள் நிறச் சீம்பாலே அதற்கு விருந்து. வாருங்கள், நீங்களே பிடித்து மார்பில் வையுங்கள்.”

இவ்விடையில் செவிலியரின் திறம் விளங்கும். பாட்டியை அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வேலை கொடுத்துத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். பால் நன்கு சுரக்க இரண்டு முதல் நான்கு நாள்கள் ஆகும். இரவில் ஊட்ட ஊட்டச் சுரப்பும் பெருகும். இதனை முதல் இரவிலேயே ஒரு குடும்பம் உணர்ந்துகொண்டால், புட்டிப் பாலுக்குச் செலவிட வேண்டிய கூலிப் பணமும் மிஞ்சும்.

இப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் துயரமான பக்கம் ஒன்றும் உண்டு; அதை மறைத்தல் முறையன்று. சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மதுரை, தேனி வட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் பெண்சிசுக் கொலை நிகழ்ந்தது. 1992 இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001 இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெண் பிறந்ததென்று கேட்டவுடன் ஒரு தாய் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினால், செவிலியர் அதையும் குறித்துக்கொள்வார். குழந்தையை அவள் மார்பருகே கிடத்தி, சற்று நேரம் உடன் அமர்ந்து பேச்சுக் கொடுப்பார். மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருத்துவம் இது.

பிறந்த குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் நிறத்தை அறிவதும் செவிலியர் கடமை. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் தோன்றித் தானே மறையும். முதல் நாளிலேயே தோன்றினால் இடர். மஞ்சள் விளக்கொளியில் இந்நிறம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆதலால் வெள்ளொளியில் தோலை விரலால் அழுத்திப் பார்ப்பர். இந்நோய்க்கு இன்று உலகெங்கும் நீல ஒளியால் மருத்துவம் செய்கின்றனர். அதற்கு வித்திட்டவர் ஒரு செவிலியரே. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பேணிவந்த ஜீன் வார்டு என்பவர், வெயில் நாள்களில் அவர்களை முற்றத்திற்குக் கொண்டுசெல்வது வழக்கம். 1956 இல் ஒரு நாள், குழந்தை ஒன்றின் உடலில் வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருக்கக் கண்டார். அதனை மருத்துவர்களிடம் காட்டினார். கிரெமர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 1958 இல் ஒளிமருத்துவத்தை உலகிற்கு அறிவித்தனர். ஒரு துணியின் நிழலைக் கூர்ந்து நோக்கியதன் பயன் அது.

பிளாரன்சு நைட்டிங்கேலை ‘விளக்கேந்திய சீமாட்டி’ என்று யாவரும் அறிவர். அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரும் மகப்பேற்றுக் கூடம் ஒன்றை நிறுவினார். அங்கே பேற்றுக்காய்ச்சலால் தாய்மார் இறக்கக் கண்டதும் 1867 இல் அது மூடப்பட்டது. இறப்பு எண்ணிக்கைகளைத் திரட்டி ஆராய்ந்து 1871 இல் நூலும் எழுதினார். தாம் நிறுவியதே ஆயினும் தீங்கு செய்வதை நடத்தலாகாது என்னும் அத்துணிவு, கையிலேந்திய விளக்கினும் பெரிது.

இத்துணைப் பணியையும் ஒருவர் எத்தனை பேர்க்குச் செய்ய இயலும்? பொது மருத்துவமனைக் கூடங்களில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. பல கூடங்களில் இவ்வளவு எட்டாக் கனியாகவே உள்ளது. மேலும், கணக்கில் வருவது கட்டில். அதில் கிடப்பதோ இரண்டு உயிர்கள். பத்துக் கட்டில் என்று பதிவேடு சொல்லும்போது செவிலியர் காப்பது இருபது உயிர். இக்கணக்குப் பிழையை அதிகாரிகள் திருத்துதல் வேண்டும்.

விழித்திருப்பவரின் உடலுக்கும் ஓர் இயல்பு உண்டு. உடலினுள் இயங்கும் நாட்கடிகையின் அமைப்பைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017 இல் நோபல் பரிசு பெற்றனர். பின்னிரவில் உடல்வெப்பம் தாழ்ந்து கவனமும் தளரும். ஆதலால் மூன்று மணிக்குமேல் கொடுக்க வேண்டிய மருந்தின் பெயரையும் அளவையும் இருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். நெடுங்காலம் இரவுப்பணி பார்த்தல் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007 இல் அறிவித்தது. வீடு திரும்பியபின் பகலில் உறங்கலாம் என்பர். வீட்டில் பிள்ளைகளும் சமையலும் காத்திருக்கும் பெண்ணுக்கு அது சொல்லளவில்தான்.

காலையில் பகற்பணிச் செவிலியர் வருகின்றார். இருவரும் பதிவேட்டை மேசைமேல் வைத்துப் பேசிவிட்டுப் பிரிவதில்லை. கட்டில்தோறும் சேர்ந்து நடக்கின்றனர். மூன்றாம் கட்டில்: கருப்பை கெட்டி, நாடி சீர். ஏழாம் கட்டில்: குழந்தை இரவில் ஆறு முறை பாலுண்டது, பாட்டி சீனித்தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டாள். ஒன்பதாம் கட்டில்: குழந்தை பிறந்து இருபது மணி நேரமாகியும் முதற்கருமலம் கழியவில்லை; இன்னும் நான்கு மணி நேரத்தில் கழியாவிடில் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இவ்வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, நேரம் குறித்து, இரவுச் செவிலியர் கையொப்பமிடுகின்றார்.